காணிக்கைச் சீட்டில் இரண்டு விண்மீன் மண்டலங்கள்

போதகர் காணிக்கைச் சீட்டுகளை வாசிக்கும்போது நான் பொதுவாகக் காது கொடுப்பதில்லை. பிறந்தநாள், கல்யாண நாள், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, விசா கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்றி. அந்த ஞாயிறு என் பேர் வந்தது. "சகோதரர் நத்தானியேல் குடும்பத்தார், தங்கள் மகள் அக்சா வெகு தொலைவிலுள்ள இரண்டு விண்மீன் மண்டலங்களைக் கண்டுபிடிக்கக் கிருபை செய்த கர்த்தருக்கு ஸ்தோத்திரக் காணிக்கை." சத்துவாச்சாரியில் எங்கள் சபையில் இதற்குமுன் யாரும் விண்மீன் மண்டலத்துக்காகக் காணிக்கை வைத்ததில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்த்தது மூன்றாம் வரிசையில் இருந்த இன்பசேகரன் சாரின் பின்கழுத்தை. அவர் என் ஆராய்ச்சி வழிகாட்டி, சபைக் கமிட்டிச் செயலாளரும்கூட. அந்தக் கழுத்து அசையவே இல்லை.

வழக்கப்படி அப்பா, அம்மா, நான் என்று குடும்பமாக முன்னே போய் முழங்கால் போட்டு ஜெபம் வாங்கிக்கொண்டு திரும்பினோம். ஆராதனை முடிந்து வாசலில் சார் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லா எழுதியிருந்தீங்க, நத்தானியேல். கர்த்தரும் உங்க பொண்ணும் சேர்ந்து கண்டுபிடிச்சிருக்காங்க. நாங்கல்லாம் சும்மா காலேஜுக்கு வந்து போறவங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா கேட்டார். "இன்னாம்மா தப்பு பண்ணேன்? காணிக்கைச் சீட்டுல மனுஷன் பேரைப் போட்டு நன்றி சொல்லலாமா? மகிமை கர்த்தருக்கு மட்டும்தானே?" வேலைக்கு ஆம்பூர் போகிற ரயிலில் யாரிடமும் சொல்லாமல் அந்தச் சீட்டை எழுதியிருக்கிறார். சாரின் பேரை மறதியால் விடவில்லை. பக்தியினால் விட்டிருக்கிறார். இதை நான் எந்த மொழியில் சாருக்கு விளக்குவது?

அப்பா ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் பஃபிங் பிரிவில் இருக்கிறார். தோலை மெஷினில் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை. என் ஆராய்ச்சியை அவருக்குப் புரியவைக்க ஒருமுறை முயன்றேன். பிரபஞ்சம் பிறந்து இருநூறு கோடி வருஷம்கூட ஆகாத காலத்தில் சில மண்டலங்கள் வெறி பிடித்ததுபோல நட்சத்திரங்களைப் பெற்றுத் தள்ளின, ஆனால் அவற்றைச் சுற்றி அவ்வளவு தூசி, வெளிச்சம் வெளியே வராது, தூசி சூடாகி வீசுகிற அகச்சிவப்புக் கதிரை வைத்துத்தான் அவை இருப்பதே தெரிகிறது என்றேன். அப்பா கொஞ்சம் யோசித்தார். "பஃபிங் ரூம்ல தூசி ஜாஸ்தியானா பல்பே தெரியாது. கிட்ட போனா மூஞ்சில சூடு அடிக்கும். அதானே?" அதேதான். சாரின் வகுப்பில்கூட யாரும் இவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை.

நான் கண்டது இதுதான். ஒரு பிரகாசமான புள்ளியை ஒரே மண்டலம் என்று பட்டியலில் எழுதிவைத்திருந்தார்கள். அது நட்சத்திரங்களை உருவாக்கும் வேகம் நம்பவே முடியாததாக இருந்தது. மூன்று வருஷம் அந்தப் புள்ளியோடு மல்லுக்கட்டி, அது ஒன்றல்ல, அருகருகே இரண்டு என்று பிரித்துக் காட்டினேன். வெளிநாட்டில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். முதல் பெயராக என் பெயர் போட்ட கட்டுரை இருந்தால்தான் அவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

திங்கட்கிழமை சார் கூப்பிட்டார். "பார்க்கறது வேற, கண்டுபிடிக்கறது வேற அக்சா. நீ பார்த்த. பேப்பர்ல பேர் வரிசையை நான் யோசிக்கணும்."

"சார், கணக்கு முழுக்க நான்தான்…"

"உனக்குத்தான் சர்ச்சுலயே பேர் கிடைச்சாச்சே."

விஷயம் தெரிந்ததும் அப்பா ஆப்பிள், மாதுளை வாங்கிக்கொண்டு சார் வீட்டுக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "தெரியாம பண்ணிட்டேன் ஐயா," என்றார். சார் காபி கொடுக்கச் சொன்னார். கோபமெல்லாம் இல்லை என்றார். சபை தப்பாகப் புரிந்துகொண்டதைச் சபையிலேயே திருத்திவிட்டால் போதும் என்றார். அதாவது இன்னொரு சீட்டு. அன்றைக்கே அப்பா அதை எழுதிக் கமிட்டி அறையில் கொடுத்துவிட்டார். "இப்ப உன் பேரை முதல்ல போடுவாருல்ல?" என்று வழியெல்லாம் கேட்டார். போடுவார் என்றேன். நானும் நம்பினேன், வெட்கமில்லாமல்.

சனிக்கிழமை சைரா போன் செய்தாள். அவளும் சாரிடம்தான் ஆராய்ச்சி செய்கிறாள். "முதல்ல உக்காந்துக்கோ. பேப்பர் நெட்ல வந்துடுச்சி." இரண்டே பெயர்கள். இன்பசேகரன், ஜெர்சன். ஜெர்சன் சாரின் மச்சான் மகன், சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. அந்தப் புள்ளி இருக்கிற படத்தைக் கம்ப்யூட்டரில் எப்படித் திறப்பது என்று என்னிடம் இரண்டுமுறை கேட்டிருக்கிறான். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், படங்களைப் பார்வையிட உதவிய அக்சாவுக்கு நன்றி.

"அந்த ஜர்னலுக்கு எழுதிப் போடு. மெயிலெல்லாம் உன்கிட்ட இருக்குதில்ல?" என்றாள் சைரா.

"தீசிஸ்ல அவர் கையெழுத்து பாக்கி."

போனை வைத்தேன். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், மறுநாளுக்கு. பேப்பர் வந்துவிட்டதை அவரிடம் மறைத்துவிட்டேன்.

ஞாயிறு போதகர் வாசித்தார். "பேராசிரியர் இன்பசேகரன் அவர்கள் கண்டுபிடித்த இரண்டு விண்மீன் மண்டலங்களுக்காகவும், அதில் தங்கள் மகளும் உதவ வாய்ப்பளித்ததற்காகவும், நத்தானியேல் குடும்பத்தாரின் ஸ்தோத்திரக் காணிக்கை." சபை ஆமென் சொன்னது. நாங்கள் மூவரும் முன்னே போனோம். மூன்றாம் வரிசையிலிருந்து சாரும் எழுந்து வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றார். முழங்கால் போட மூன்று மெத்தைகள்தான் கிடந்தன. அப்பா குனிந்து தன்னுடையதைச் சார் பக்கம் நகர்த்தினார். தூசு தட்டிவிட்டு நகர்த்தினார். பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றி, அந்த மொசைக் தரையில் வலது முழங்காலை முதலில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இடதையும் வைத்தார். போதகரின் கை சாரின் தலைமேல் இறங்கியது. அம்மா என் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.