வைத்தியநாதன் விரட்டிய சுருக்கம்

மாதிரி விமானத்தின் இடது இறக்கையிலிருந்து வைத்தியநாதன் நீக்கிய சுருக்கம், மறுநாள் ஜூலை ஒன்பதாம் தேதி காலை அவர் வீட்டுக் குளியலறைச் சுவரில் இருந்தது. நான்கு விரல் நீளம், நுனியில் இரண்டாகப் பிரிந்த அதே சுருக்கம்; சுவர் உடையாமல் துணிபோல் மடிந்திருந்தது. வங்காளத்துத் துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று சால்ட் லேக்கில் மூன்றாம் மாடியில் குடியிருந்த அவருக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பேப்பரை நின்றுகொண்டே படிப்பார். ஒரு காப்பி முடிவதற்குள் மூன்று நாற்காலி மாறுவார். விமானம் செய்வதற்கு உட்கார்ந்தாலும் கை சும்மா இருக்காது. அந்த மழைக்காலத்தில், பால்சா மரச் சட்டத்தின்மேல் ஒட்டிய டிஷ்யூ தாள் ஈரத்தில் தொய்ந்தது. அதன்மேல் பூசிய டோப் வார்னிஷ் பால் கொட்டியதுபோல் வெளுத்தது. வெளுப்பைத் தின்னர் தடவி எடுத்தார். தண்ணீர் தெளித்துக் காயவிட்டதில் தாளும் இறுகியது. அந்த ஒரு சுருக்கம் மட்டும் நின்றது. ஓரத்தைக் கிளப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார், போயிற்று.

குளியலறைச் சுவரிலும் அதைப் பார்க்கப் பொறுக்காமல் இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தார். அது கீழ்வீட்டு முகர்ஜியின் கூரைக்குப் போயிற்று. முகர்ஜி ஆளை வைத்துப் பூசினார். பிறகு பதினொரு நாள் அது யார் கண்ணிலும் படவில்லை.

பன்னிரண்டாம் நாள் வைத்தியநாதனின் மனைவி ரோஹிணி, கதவுச் சட்டம் வளைந்திருக்கிறது என்றாள். வீட்டிலிருந்தே பள்ளிப் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவள் அவள். வரிகள் நடுவில் குழிந்தன, எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அலிப்பூரில் கண் மருத்துவர் சோதித்துவிட்டு, வலது விழித்திரையின்மேல் சுருக்கம் விழுந்திருக்கிறது, மோசமானால் அறுவை செய்யலாம் என்றார். திரையில் தெரிந்த படத்தில் அது நுனியில் இரண்டாகப் பிரிந்திருந்தது. அது தன்னுடையது என்று வைத்தியநாதன் சொன்னார். மருத்துவர் அதையும் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் இறக்கையை எடுத்து, ஓரத்தில் தின்னர் தடவித் தாளைக் கிளப்பினார்.

"என்ன பண்றேள்?"

"வரதுக்கு இடம் விடறேன்."

தாளைத் தொய்வாக விட்டுத் திரும்ப ஒட்டினார். ஆனால் விரல்கள் பழக்கத்தில் அதை நீவிவிட்டன. மூன்று முறை அப்படி ஆயிற்று. ஒவ்வொரு முறையும் ரோஹிணியின் கண்ணுக்குள் சுருக்கென்றது. நாலாம் முறை தொய்வாக ஒட்டியதும் அவள் குறுக்கிட்டாள்.

"உங்களால சும்மா இருக்க முடியாது. கைய இப்படிக் குடுங்கோ," என்றாள்.

அவர் இரண்டு கைகளையும் கொடுத்தார். அவள் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருக்க, அவர் எழுந்திருக்கவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் அவர் தன் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை என்று ரோஹிணி கணக்குப் போட்டாள். நாலு மணிக்குத் தாள் லேசாகச் சரசரத்து மடிந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கதவுச் சட்டம் நேராக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில், மாதிரி விமானம் விடுகிற குழுவினர் இறக்கையைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். செயலாளர் தன் பெட்டியிலிருந்து தின்னர் பாட்டிலையே எடுத்துவிட்டார். வேண்டாம், அது எங்கள் வீட்டுச் சுருக்கம் என்று ரோஹிணி வங்காள மொழியில் சொன்னாள். அப்படியா என்று அவர் பாட்டிலை மூடினார். விமானம் இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நாற்பத்தொரு விநாடி பறந்து, குளத்தோரப் புல்லில் இறங்கியது.