கைப்பிடிக் கம்பியில் கட்டிய துணி

கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஓனர் ஏறியதுமே தையற்காரி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். அவள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடம் அவருடையது. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி பெயர்ந்து, அவளுடைய சின்ன மகள் கீழே விழுந்து முழங்கை நொறுங்கிப் போயிருந்தது. பொறுப்பு ஓனருடையதா, பெற்றவளுடையதா? அதுதான் வழக்கு.

இதில் அவள் தன் வக்கீலம்மாவிடம்கூடச் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. கம்பி ஆடுவதை ஓனரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், கடைசியில் அவளே கெட்டித் துணியைக் கிழித்து அதைப் பக்கத்துத் தூணோடு இறுக்கிக் கட்டிவைத்தாள். பிள்ளை விழுந்த அன்று பார்த்தால் துணியைக் காணோம். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிற நம் கையால் போட்ட முடிச்சு நழுவிவிட்டதே என்று அன்றைக்கு மனசு விட்டுப்போனவள்தான். மகள் கையைத் தூக்க முடியாமல் முனகும்போதெல்லாம் செத்துச் செத்துப் பிழைத்தாள்.

ஓனர் சும்மா சொல்லக்கூடாது, வெளுத்து வாங்கினார். கம்பி ஆடியதே தமக்குத் தெரியாதாம். யாரும் தம்மிடம் மூச்சுவிடவில்லையாம். அடப்பாவி மனுஷா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்ய, அவள் சொன்னதற்குச் சாட்சி இல்லையே!

வக்கீலம்மா சண்டைக்கே போகவில்லை. கட்டடத்தை இவ்வளவு பளிச்சென்று எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவ்வளவுதான், சுத்தம் சுத்தம் என்று பைத்தியமாக இருக்கும் ஓனருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் தாமே மாடி மாடியாக ஏறி இறங்குவதைச் சொன்னார். குடியிருப்பவர்கள் போடும் குப்பையைச் சொல்லிப் புலம்பினார்.

"இந்தம்மாவையே எடுத்துக்கோங்க. கம்பியில கந்தலைக் கட்டி வெச்சிருந்தாங்க. வீடு பார்க்க ஆளுங்க வர்ற நேரம், அசிங்கமா இல்ல? நானே அவிழ்த்துப் போட்டேன்."

"எதுக்குக் கட்டியிருந்தாங்களாம்?" என்றாள் வக்கீலம்மா, சாவகாசமாக.

"அதான், கம்பி ஆடுதுன்னு..."

சொன்ன பிறகுதான் ஓனருக்கு உறைத்தது. முகம் வெளிறிவிட்டது. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். வக்கீலம்மா இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். வழக்கு கைக்கு வந்துவிட்டது, சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

தையற்காரிக்கு வழக்கெல்லாம் எங்கே நினைவில் இருந்தது! தன்னை மறந்து எழுந்துவிட்டாள். உட்காரச் சொன்ன குரல் எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

"அப்போ அது தானா அவிழலையா?"

இருந்த எரிச்சலில் ஓனர் அவள்மேல் பாய்ந்தார்.

"தானா அவிழுமா அது? அந்த முடிச்சை அவிழ்க்கறதுக்குள்ள என் நகமே பேர்ந்துபோச்சு."

அவள் அப்படியே பெஞ்சில் சரிந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வக்கீலம்மா பதறிப்போய்த் தோளைத் தொட்டபோது, அழுகையோடு அழுகையாக அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.