கரித்தொட்டியில் தேயிலைச் சாயம்

1.
இதைச் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. மலையூரான தானா ராத்தாவில், ஓர் உணவுக்கடையில் சசிரேகா சொன்ன கதை இது. அவள் தேயிலைத் தோட்டத்தின் கழிவுநீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள். நான் வழக்கம்போல் நெடுநேரம் பேசாமல் இருந்தேன். அதை ஆழ்ந்த கவனம் என்று அவள் எண்ணியிருக்கலாம். பாதி நேரம் தட்டிலிருந்த ரொட்டி சானாயைத்தான் கவனித்தேன்.

முதல் தொடக்கம்: ‘மூடுபனி தேயிலை மலையைத் தழுவிய அந்தக் காலையில்…’ வேண்டாம். சுற்றுலா விளம்பரம்.

2.
மருந்தடிப்பவர்களின் உடுப்பும் தெளிப்பானும் கழுவிய நீர் நிலையத்துக்கு வரும். அதில் துளியளவு கலந்திருக்கும் பூச்சிமருந்து, நீரை வடிகட்டும் கரித்தொட்டியில் உள்ள கரியின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்ளும். சுத்தமாகி வெளியேறும் நீரில், நிலையத்தருகே பாத்தி போட்டிருந்த குமுதா கீரை வளர்த்து, பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கின் இரவுச்சந்தையில் விற்றாள்.

தினேஸ்வரன் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் தரையைக் கழுவுபவன். (வில்லன் வேண்டுமே என்று முதல் வரைவில் இவனுக்கு முறுக்கு மீசை வைத்தேன். பிறகு மழித்துவிட்டேன்.) கொழுந்துச் சாறு ஊறிய கழுவுநீரால் ஓடை பழுப்பாகிறது என்று புகார் வந்தபோது, அதையும் கரித்தொட்டிக்கே திருப்பிவிடலாம் என்றான்.

“தேத்தண்ணிதானே லா. நாம குடிக்கிறதுதானே!”

சசிரேகாவும் தலையாட்டினாள். தொட்டியிலிருந்து நீர் தெளிவாக வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

3.
இங்கே ஓர் உவமை எழுதினேன்: என் மூளையும் அந்தக் கரிதான், படித்த சாயமெல்லாம் துளைகளை அடைத்துக்கொள்ள, முக்கியமான ஒன்று நழுவி… அடித்துவிட்டேன். (அடித்ததை உங்களுக்குக் காட்டுவதும் ஒரு தற்பெருமைதான்.)

4.
நீரின் மாதச் சோதனை முடிவு வந்த அன்று, மறுநாள் சந்தைக்காகக் குமுதா கீரை கட்டிக்கொண்டிருந்தாள். தினேஸ்வரன் உதவிக்கு நின்றான்.

“அக்கா, கட்டாதீங்க. பூச்சிமருந்து கரியத் தாண்டி வந்துருச்சு,” என்றாள் சசிரேகா.

“தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கேடி!” என்றாள் குமுதா.

“சாயத்தப் புடிச்சே கரி நெறஞ்சு போச்சு. மருந்துக்கு எடமில்ல.”

“தேத்தண்ணி என்ன பாவம் பண்ணுச்சு?” என்றான் தினேஸ்வரன்.

“பாவம் பண்ணல லா. பஸ்ல மொதல்ல ஏறி எல்லா சீட்டையும் புடிச்சிருச்சு.”

குமுதா கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தாள். (இங்கே அவள் மௌனத்தை மூன்று பக்கம் எழுதினேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆகவே நீக்கினேன்.)

“இந்தக் கீரய ஒன் புள்ளைக்கிக் குடுப்பியா, சசி?”

“மாட்டேன்க்கா.”

குமுதா முதல் கட்டைப் பிரித்தாள். “டேய் தேத்தண்ணி, வா. பாத்தியில மிச்சம் இருக்கறத நீதான் புடுங்கணும்.”

5.
அவள் ரகசியமாக விற்றுவிட்டாள் என்று இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன். அதற்குக் குமுதா உடன்படவில்லை. வேறு முடிவு வேண்டுமென்றால் நீங்களே அவளிடம் கேட்டுப் பாருங்கள். எனக்குத் துணிவில்லை. நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தொழிற்சாலைக் கழுவுநீருக்குத் தனித் தொட்டி கட்டி, படிகாரம் போட்டுச் சாயத்தை முதலில் படியவைக்கிறார்கள். பழைய கரியை அள்ளிப் புதியதை நிரப்பினார்கள். தினேஸ்வரன் இன்னும் தரை கழுவுகிறான். அவனை எல்லோரும் தேத்தண்ணி என்றே கூப்பிடுகிறார்கள். சசிரேகா அதே நிலையத்தில் இருக்கிறாள். அடுத்தடுத்த சோதனைகளில் நீர் சுத்தமாக வந்தது. குமுதா மழைநீரில் கீரை வளர்க்கிறாள்.