கை தவறி விழுந்தவை

கல்யாணமாகி மனைவி வீட்டோடு குடிவந்த முதல் வாரத்திலேயே கண்ணாடிக்காரன் மாமியாரின் பீங்கான் சூப் பாத்திரத்தின் மூடியை உடைத்தான். மூடியின் குமிழில் சட்டைக்கை மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தான். மூடியும் கூடவே வந்து தரையில் விழுந்து மூன்றாகப் போனது. மாமியார் அடுப்படி வாசலில்தான் நின்றிருந்தாள். துடைப்பத்தைக் கொண்டுவந்து அவன் காலடியில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"கை தவறிடுச்சு அத்தை," என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னான்.

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மூடி போனா என்ன, பாத்திரம் இருக்கே," என்றாள். அப்போதெல்லாம் அவள் இவன் பக்கம்தான்.

அந்தப் பீங்கான் மாமியாருக்கு எப்படி வந்தது என்று தெரிந்திருந்தால் இவன் அன்றைக்கே கொஞ்சம் பயந்திருப்பான். மனைவிக்குத் தெரியும், ஆனால் பழகிப்போன விஷயம். மாமியார் பெரிய ஹோட்டல் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறியே தலை நரைத்தவள். இடது கை முழுக்கத் தட்டுகளை விசிறிபோல அடுக்கிக்கொண்டு, இடுப்பால் கதவைத் தள்ளி, கூட்டத்துக்குள் புகுந்து போவாள். ஒரு நாளும் ஒரு தட்டு விழுந்ததில்லை. புருஷன் பிள்ளைகளையும் இவளையும் விட்டுவிட்டு வேறொருத்தியோடு போன பிறகு, தனக்கென்று அவள் வாங்கிக்கொண்டது இந்தப் பீங்கான் ஒன்றுதான். வெள்ளையில் நீலக் கொடி ஓடியது. ஒரு சமயம் ஒரு தட்டு, இன்னொரு சமயம் ஒரு கிண்ணம் என்று சேர்த்தது. செய்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். ஒன்று போனால் போனதுதான்.

கண்ணாடிக்காரனுக்கு ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி பொருத்துவது வேலை. ஆளுயரக் கண்ணாடியை வளைந்த மாடிப்படியில் ஏற்ற வேண்டுமென்றால் முதலாளி இவனைத்தான் கூப்பிடுவார். அந்தக் கை வீட்டுக்குள் வந்ததும் வேறு யாருடைய கையோபோல ஆகிவிடும். தட்டை எடுக்கும்போது தட்டைப் பார்க்கமாட்டான். மாமியார் எங்கே நிற்கிறாள் என்று பார்ப்பான். கைகள் அந்தரத்தில் தாமாகவே எதையோ தடவிக்கொண்டிருக்கும்.

இரண்டாவதாகப் போனது தடித்த கண்ணாடிக் கிண்ணம். பனிப்பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு, இல்லை, எடுத்த குளிரோடு அதில் கொதிநீரை ஊற்றினான். கிண்ணம் டப்பென்று விரிசல் விட்டது.

"கண்ணாடியில சுடுதண்ணி ஊத்தக் கூடாதுன்னு கண்ணாடிக்காரருக்குத் தெரியாதா மாப்பிள்ளை?" என்று மாமியார் கேட்டாள். குரலில் சர்க்கரை.

"யோசனை எங்கியோ இருந்துச்சு அத்தை."

"யோசனை எங்க வேணா இருக்கட்டும். கை என் பொருள் மேல இல்ல இருக்கு?"

பிறகு உப்பை எடுக்கப் போன முழங்கை ஒரு தட்டைத் தள்ளியது. துடைத்துக்கொண்டிருந்த கோப்பையின் காது கையோடு வந்துவிட்டது. மைத்துனன், மனைவியின் தம்பி, வேறு ஊரில் மருந்துக் கம்பெனியில் இருப்பவன், போனில் அக்காவிடம் விசாரித்தான். "நொறுக்ஸ் மாமா எப்படியிருக்காரு?" அந்தப் பேர் நிலைத்துவிட்டது. மாமியார் தன் தங்கையிடம் பேசும்போது, "நொறுக்ஸ் குளிக்கப் போயிருக்கு" என்று அஃறிணையில் சொல்வது குளியலறைக் கதவு தாண்டி அவன் காதிலேயே விழுந்தது. நேரில் மட்டும் "மாப்பிள்ளை", "வாங்க", "உக்காருங்க". ஏக மரியாதை. அந்த மரியாதையைக் கேட்டாலே அவனுக்கு உடம்பெல்லாம் எரியும்.

அடுத்து அவனாகவே ஒரு சமாதானத்துக்கு வழி தேடினான். பீங்கான் வைத்திருந்த அலமாரியின் பலகை நடுவில் தொய்ந்திருந்தது. பட்டறையில் நல்ல தடிமனான கண்ணாடியாகப் பார்த்து அளவாக வெட்டி, ஓரத்தை விரல் வைத்தால் வழுக்குகிற மாதிரி தேய்த்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தான். பாத்திரங்களை மாமியாரே ஒவ்வொன்றாக இறக்கி மேஜையில் வைத்தாள். அவன் பலகையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியைப் பொருத்தினான். மட்டம் வைத்துப் பார்த்தான். ஒரு நூல் பிசகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மாமியார், "நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில் திரும்பினான். திரும்பிய தோள் மேஜையோரம் இருந்த பீங்கான் கெண்டியில் இடித்தது. டீ ஊற்றுகிற அந்தக் கெண்டிதான் அவள் முதன்முதலில் வாங்கியது. உருண்டு விழுந்தது. வயிறு தப்பியது, மூக்கு உடைந்தது.

மனைவியும் அப்போது மேஜைக்கு எதிரில்தான் நின்றிருந்தாள்.

"எடுத்து வச்சது நீங்கதானே அத்தை? ஓரத்துல வச்சா எப்படி?" என்று கேட்டுவிட்டான். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"ஓ. அப்ப தப்பு என் மேல," என்றாள் மாமியார். மூக்கில்லாத கெண்டியை எடுத்து முந்தானையால் துடைத்தாள். "மூக்கு உடைஞ்சது கெண்டிக்கு இல்ல மாப்பிள்ளை, எனக்கு."

அன்றைக்குப் படுத்தபின் கண்ணாடிக்காரனுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. தோள் இடித்தது தெரியாமல்தான். சத்தியம் பண்ணுவான். ஆனால் கெண்டி உருண்டு, விளிம்பைத் தாண்டி, விழப்போகிற அந்த நொடியில் கையை நீட்டியிருக்கலாமோ? நீட்டவில்லை. உடைந்த சத்தம் கேட்டபோது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று லேசானது. இதை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்கிற விஷயமா அது?

சில நாள் கழித்து மாமியார் கடைத்தெருவுக்குப் போனாள். அங்கே புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஜவுளிக்கடைக்கு முகப்புக் கண்ணாடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக இவளும் நின்று பார்த்தாள். கண்ணாடியின் ஒரு முனையை மருமகன் பிடித்திருந்தான். கதவு அகலத்துக்கு அது, அவன் தலைக்கு மேலே உயரம். பின்பக்கமாகவே நடந்து, சாக்கடைப் பலகை மேல் ஏறி, இரும்புச் சாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளியில் அதை நுழைத்து, சட்டத்தில் பூப்போல இறக்கினான். ஒருத்தன் பீடியைப் பற்றவைத்தபடி, "அவர் கையில இருந்து கண்ணாடி கீழ விழுந்து நான் பாத்ததில்ல," என்று யாரிடமோ சொன்னான்.

மாமியார் வாங்க வந்ததை வாங்காமலேயே வீடு திரும்பினாள்.

சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஆரம்பித்தாள். இந்த முறை சர்க்கரை இல்லை.

"இன்னிக்கு உங்க கையைப் பாத்தேன் மாப்பிள்ளை."

"என் கையையா?"

"ஜவுளிக்கடையில. நான் தட்டு தூக்கினவ, எனக்குத் தெரியும் கை எதுன்னு. அந்தக் கைக்கு ஒரு கோப்பை நழுவாது. நழுவ விட்டாத்தான் நழுவும்."

"அத்தை, அங்க கையுறை இருக்கு, நாலு பேரு இருக்காங்க, வேலை மேல மட்டும்தான் கவனம். இங்க நீங்க பின்னாடியே நின்னு..."

"நான் நின்னா உடைப்பீங்களா?"

"நான் வேணும்னு உடைக்கிறேன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல. உங்க கை சொல்லுது."

மனைவி பல் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க வருகிறவர் போகிறவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. "அம்மா, சும்மா இரேன்," என்றாள். ஆனால் வழக்கமாக அவள் அம்மாவைத்தான் பார்த்து முறைப்பாள். அன்றைக்கு ஒரு கணம் புருஷனின் கையைப் பார்த்தாள். அவன் அதைக் கவனித்தான்.

மறுநாள் முதல் அலமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி மாமியாரின் இடுப்பில். அவனுக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் தட்டும் ஒரு பிளாஸ்டிக் டம்ளரும் வந்தன. தட்டில் முயல்குட்டி படம் போட்டிருந்தது. குழந்தைகள் சாமான் விற்கிற கடையில் வாங்கியிருக்க வேண்டும். அவன் அதில்தான் சாப்பிட்டான். எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டான். அவளும் எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்றுதான் போட்டாள்.

மைத்துனன் புதுப் பொண்டாட்டியோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்த அன்று அது முடிந்தது.

மாமியார் காலையிலேயே அலமாரியைத் திறந்து, மிச்சமிருந்த நீலக்கொடிப் பீங்கானை எல்லாம் மேஜையில் பரப்பியிருந்தாள். நடுவில் நீள்வட்டமான பெரிய தட்டு. அதில் வறுத்த மீன். செட்டிலேயே அதுதான் பெரியது, அவளுக்கு அதுதான் உயிர். எல்லோருக்கும் பீங்கான் வைத்துக்கொண்டே வந்தவள், மருமகன் முன்னால் முயல்குட்டித் தட்டை வைத்தாள்.

மைத்துனனின் பொண்டாட்டி விவரம் தெரியாதவள். "அய்யோ, இது யாருக்கு? வீட்டுல குழந்தை இருக்கா?" என்று கேட்டாள்.

மைத்துனன் சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்து, முடியாமல், தண்ணீரைத் துப்பிச் சிரித்தான். "நம்ம நொறுக்ஸ் மாமாவுக்குத்தான். கை கொஞ்சம் அப்படி."

"விளையாட்டு இல்லடா," என்றாள் மாமியார். "நல்ல கையை வச்சிக்கிட்டு வீட்டுப் பொருளை உடைக்கிறவங்களுக்கு இதுதான்."

கண்ணாடிக்காரன் மனைவியைப் பார்த்தான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

எழுந்தான். அவசரப்படவில்லை. நீள்வட்டத் தட்டிலிருந்த மீனை ஒவ்வொன்றாக எடுத்து அந்த முயல்குட்டித் தட்டில் அடுக்கினான். பிறகு காலித் தட்டை இரண்டு கையாலும் தூக்கினான். பட்டறையில் கண்ணாடி தூக்குவதுபோல, உள்ளங்கை அடியில், கட்டைவிரல் மேலே. அந்த வீட்டில் ஒரு பொருளை அவன் அவ்வளவு பத்திரமாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை. நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுபோய், மாமியாரின் கண்ணைப் பார்த்து, விரல்களைத் திறந்தான்.

சத்தம் அடங்க நேரமாயிற்று. ஒரு சில்லு சுவர்வரை சுற்றிக்கொண்டே போய் நின்றது.

மாமியார் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் இவனும் கத்தியிருப்பான். ஆனால் அவள் முகத்தில் வந்தது கோபமே இல்லை. நெடுநாள் வழக்கு ஜெயித்தவள் மாதிரி மூச்சு விட்டாள்.

"பாத்துக்கோ," என்றாள் மகளிடம். "நான் சொன்னப்ப நீ நம்பல."

"இது மட்டும்தான் நான் வேணும்னு பண்ணினது," என்றான் அவன். "மத்ததெல்லாம் கை தவறித்தான்."

சொல்லும்போதே அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று அவனுக்கே தெரிந்தது. மைத்துனன் இப்போது சிரிக்கவில்லை.

மனைவி மெதுவாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "கெண்டி?" என்று கேட்டாள்.

"சத்தியமா தெரியாமத்தான்."

"அன்னிக்கு நீங்க கையை நீட்டவே இல்ல. நான் பாத்துட்டு இருந்தேன்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அதற்கப்புறம் ஒரே கூரைக்குக் கீழே இருக்க முடியாது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. மனைவியும் கூடவே வந்தாள். வருவாளா என்று அவனுக்குச் சந்தேகம் இருந்தது, ஆனால் வந்தாள். கிளம்புகிற அன்று மாமியார் மகளுக்கு வேண்டியதை எல்லாம் கட்டிக்கொடுத்தாள். "போயிட்டு வரேன் அத்தை," என்று இவன் சொன்னதற்கு, "போங்க," என்றாள். போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் உண்மையான ஒரே வார்த்தை அந்தப் "போங்க"தான்.

புது வீட்டில் யாரும் பின்னால் நிற்கவில்லை. மேஜை, அடுப்பு, கடையில் வாங்கிய சாதாரணக் கண்ணாடி டம்ளர்கள். உடைந்தாலும் யார் மனசும் நோகாத டம்ளர்கள். கொஞ்ச நாள் எதுவும் உடையவில்லை. கை சரியாகிவிட்டது என்றே அவன் நினைத்தான்.

ஒரு காலையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது சோப்பு நுரையில் ஒன்று நழுவித் தொட்டியில் விழுந்து தெறித்தது. மனசில் எந்த நினைப்பும் இல்லை. பட்டறைக்கு நேரமாகிறது என்பது மட்டும்தான் இருந்தது.

மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நின்றாள். முன்பு இப்படி ஏதாவது நடந்தால் சிரித்திருப்பாள்.

"இப்ப என் மேல என்ன கோவம்?" என்று கேட்டாள்.

"கோவமா? ஈரக் கைடி. வழுக்கிடுச்சு."

"சரி."

"என்ன சரி? நம்பலையா?"

"சரின்னுதானே சொன்னேன். நேத்து அம்மாகிட்ட போன்ல ரொம்ப நேரம் பேசினேன். அதுக்குத்தானே?"

அவளுடைய குரலில் சண்டைகூட இல்லை. விசாரித்துத் தெரிந்துகொள்கிற குரல், ஆஸ்பத்திரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்கிற குரல். துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு, அவனை நகரச் சொல்லி, தொட்டியில் கிடந்த சில்லுகளை அவளே பொறுக்கத் தொடங்கினாள்.

அவள் போனில் பேசியதே அவனுக்குத் தெரியாது. அவள் மேல் அவனுக்கு எந்தக் கோபமும் இருக்கவில்லை, அந்த நிமிஷம்வரை.