அழகிரி அம்புக்குறி போட்ட கோடு

தென்னூரில் அழகிரி தன் வீட்டுக் கூடத்தில் போட்ட சாக்பீஸ் கோடு அன்று சாயங்காலமே காவிரியைத் தாண்டிவிட்டது. போட்ட காரணம் தெருவே அறிந்தது. ஓய்வு பெற்றாகிவிட்டது, இனி வையம்பட்டிக்குப் போய்ச் சொந்தக் காட்டில் கடலை போட வேண்டும் என்பது அவர் ஆசை. ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் அவர் மனைவி பானுமதிக்குத் தென்னூரை விட்டு நகர மனசில்லை. இரண்டு பேருமே தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். பேச்சு முற்றியதும் அழகிரி அவளுடைய கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கூடத்தை இரண்டாக வகுந்து கோடு இழுத்தார். "அந்தப் பக்கம் உனக்கு, இந்தப் பக்கம் எனக்கு" என்றார். அதோடு விட்டிருக்கலாம். கோபம் பலமாகத் தெரியட்டும் என்று இரண்டு முனையிலும் அம்புக்குறி வேறு போட்டார். கணக்கு டீச்சரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்த மனுஷனுக்கு, அம்புக்குறி போட்ட கோட்டுக்கு முடிவே கிடையாது என்பது தெரியவில்லை.

கோடு சுவரில் புகுந்தது, சுவருக்குச் சேதமில்லை. பாலத்தில் ஏறாமல் தண்ணீர்மேலேயே போய், ஸ்ரீரங்கத்தில் மகாலட்சுமி மாமி மாடியில் காயவைத்த வடாமை இரண்டாகப் பிரித்துவிட்டு லால்குடி வயலுக்குள் இறங்கியது. மாமி "பெருமாள் திருவுள்ளம்" என்று சொல்லி இந்தப் பக்கத்து வடாமை முதலில் வறுத்தாள். மறுமுனை தென்மேற்கே வையம்பட்டியைப் பார்த்துப் போனது. துடைத்தாலும் அழியவில்லை. மறுநாள் காலை அழகிரி ஒரு பையோடு வையம்பட்டிக்குப் போகத் திண்டுக்கல் பஸ் ஏறிவிட்டார். வருவேன் என்று சொல்லவில்லை.

பானுமதி அடுப்படி வாசலில் கோட்டின்மேல் ஒரு புள்ளி வைத்து அதற்குத் தன் பெயரைச் சொன்னாள். லால்குடி வரை போயிருந்த பாதி, அளவு டேப் மாதிரி சுருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. இன்னொரு புள்ளி வைத்து அழகிரி என்றாள். அது நிற்கவில்லை, அழிந்துபோனது. ஆள் இல்லாத இடத்தில் பெயர் எப்படி ஒட்டும்? இப்போது அது கதிர். அவளிடம் தொடங்கி, அவர் பக்கமாகப் போய், அவரையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சிரித்துக்கொண்டே நடத்திய பாடம்தான். அன்றைக்கு அவளுக்கு அழுகை வந்தது. வீம்பை விட்டுவிட்டு போனை எடுத்தாள்.

"ஏங்க, கோடு அங்க வந்துருச்சா?"

"வரப்பு வரைக்கும் வந்துருச்சு பானு. நிக்க மாட்டேங்குது."

"அதுமேல ஒரு புள்ளி வைங்க. வெச்சுட்டு உங்க பேரச் சொல்லுங்க."

அழகிரி ஈர மண்ணில் கட்டைவிரலை அழுத்திப் பெயரைச் சொன்னார். கோடு நின்றது. "இதுல யாரு பேரு முதல்ல வரும்?" என்று கேட்டார். வீம்பு முழுசாகப் போய்விடவில்லை, பாருங்கள்.

"கதிருக்குத்தாங்க ஆரம்பிச்ச ஆள் பேரு முதல்ல. இது இப்ப கோட்டுத்துண்டு. எந்தப் பக்கத்துலேர்ந்து சொன்னாலும் ஒண்ணுதான்."

அவர் எழுந்து நடந்தபோது புள்ளியும் கூடவே நடந்தது. இப்போது அவர் திங்கட்கிழமை காட்டுக்குப் போகிறார், வெள்ளிக்கிழமை திரும்புகிறார். திரும்பி வர அவர் பஸ் ஏறியதும் கூடத்துக் கோடு அவள் பக்கமாக மெல்ல நகரத் தொடங்கும். வழியிலிருக்கிற ஊர்க்காரர்கள், அழகிரி சார் போகிறார் என்று காலைத் தூக்கி வழிவிடுவார்கள்.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கோடு நகராமல் நெடுநேரம் நின்றுவிட்டது. பானுமதி, தன் புள்ளியும் கூடவே வர, தெருமுனை வரை போய் வெயிலில் நின்றாள். மணப்பாறை தாண்டி பஸ் பஞ்சராம். கோடு மறுபடி அசைந்ததும் வேகவேகமாக வீட்டுக்கு வந்து முகம் கழுவி, அவர் உள்ளே நுழையும்போது, நாள் முழுக்க அங்கேயே இருந்தவள்போல வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.