மச்சானை மேசைமேல் ஏற்றிய சோப்பு டப்பாக்கள்

ஒரு டஜன் சோப்பு டப்பாக்கள் ஒன்றுகூடி, யானைக்கு அண்ணன் மாதிரி இருக்கும் என் மச்சானை விரட்டிப்போய் மேசைமேல் ஏற்றின. நம்பாவிட்டால் போங்கள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றுதான் மச்சானும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

என் மகள் இளைஞர் மையத்தில் ரோபோ வகுப்பு நடத்துகிறாள். கடையில் விற்கும் ரோபோவின் விலையைக் கேட்டால் ரோபோவுக்கே மயக்கம் வரும். அதனால் இருந்த ஒன்றைச் சுற்றி எல்லாப் பிள்ளைகளும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மேலாளர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: ஆளுக்கொரு ரோபோ, பிள்ளைகளே பாகங்களைப் பூட்டி, சனிக்கிழமை தன் கண்முன் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் வகுப்புக்கு மூடுவிழா, அறை டேபிள் டென்னிஸுக்கு. மகளுக்குச் சோறு இறங்கவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்காக ஓய்வு பெற்ற நான் சும்மா இருப்பேனா? சோப்பு டப்பா உடம்பு, பாட்டில் மூடிச் சக்கரம், உடைந்த பொம்மைகளின் மோட்டார், வெளிச்சத்தை உணரும் இரண்டு பொட்டுக் கண்கள். திருகாணியே கிடையாது, எல்லாம் துணிக் கிளிப். வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடும். கட்டிலுக்கடியில் விட்டுப் பார்த்தேன். டார்ச்சின் பின்னால் நாய்க்குட்டியாக வந்தது.

"ஓடாது அத்தான். தட்டிவிட்டா உருளும்" என்றார் மச்சான்.

சனிக்கிழமை பிள்ளைகள் மளமளவென்று பூட்டிவிட்டார்கள். சுவிட்சைப் போட்டால் ஒன்றும் நகரவில்லை. அறை முழுக்க ஜன்னல்; எந்தப் பக்கமும் ஒரே வெளிச்சம். பாவம், எங்கே போவதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்தன. ஆயுள் முழுக்க லிஃப்ட் குழியின் இருட்டில் கிடந்த எனக்குப் பகல் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரவில்லை.

மேலாளர் அம்மா எழுந்துவிட்டார். மகள் டப்பாக்களைப் பொறுக்கக் குனிந்தாள்.

அப்போதுதான் வேடிக்கை பார்க்க வந்திருந்த மச்சான், முன்னாள் தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர், குறை கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று இடுப்பு டார்ச்சை உருவினார். கரையில் நின்று கப்பலைக் கூப்பிடலாம், அப்படி ஒரு டார்ச். அடித்ததுதான் தாமதம், அத்தனை டப்பாக்களும் அவர் பக்கம் திரும்பின. அவர் பின்வாங்க, அவை முன்னேறின. இடப்பக்கம் ஒதுங்கினார், அவையும் ஒதுங்கின. ஒன்று ஷூமேல் ஏறப் பார்த்தது.

"மாமா, டார்ச்ச அணைங்க" என்றாள் மகள், சிரிப்பை அடக்கமுடியாமல்.

"மொதல்ல இதுங்கள அணைம்மா" என்ற குரல் மேலிருந்து வந்தது.

மேலாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலுக்குத் திரை மாட்டச் சொன்னார். டேபிள் டென்னிஸ் வராந்தாவுக்குப் போனது.

அடுத்த வாரம் வகுப்பில் சேர வந்த புதுப் பிள்ளைகள் சோப்பு டப்பாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். நான் கதையைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. மகள் மச்சானைப் பார்த்தாள். மச்சான் கூரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"தொரத்துனது நெசந்தான். ஆனா ஏறுனது மேசைல இல்ல, ஸ்டூல்ல."