பொருந்திய பெயர்

வர்ஃபா மூன்றாவது முறையாக வந்தபோது அம்பரோ தேநீர்க் கடையின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, அடிப்பிடித்த பால் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு முறையும் அவர் முன்பக்கமாக வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, இஞ்சித் தேநீர் சொல்லிவிட்டு அதைக் குடிக்காமலே எழுந்து போனார். இந்த முறை நேராகப் பின்பக்கம் வந்துவிட்டார். ஆட்டுச் சந்தை கலைகிற நேரம். விற்காத ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆட்கள் புராவ் நகரத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கிளப்பிய புழுதி சட்டியிலும், அவள் கையிலும், வர்ஃபாவின் மருதாணியிட்ட தாடியிலும் படிந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

அவளுடைய அப்பாவுக்கு அவர் ஒன்றுவிட்ட தம்பி. அவர்கள் வம்சத்துக்காகச் சபையில் பேசுகிறவர். ஒன்பது வருடத்தில் இருபத்திரண்டு தடவை பகை வம்சத்து ஆட்களோடு மரத்தடியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். இப்போது எல்லாம் ஒப்புக்கொண்டாகிவிட்டது என்றார். உயிருக்கு ஈடான ஒட்டகங்கள் பேசி முடிந்தன. அம்பரோவின் மகன் மஹத் ஊர் திரும்பலாம், அவன்மேல் யாரும் கை வைக்கமாட்டார்கள் என்று அவர்கள் குர்ஆன்மேல் சொல்லிவிட்டார்கள். ஒன்றே ஒன்று பாக்கி. செத்த பையனின் தாய் சரீடோ இன்னும் தலையாட்டவில்லை. அவன் சாவுக்குக் காரணமான பாட்டைக் கட்டிய அம்பரோ எல்அஸ் கிணற்றடிக்கு வந்து தன் முன்னால் நிற்க வேண்டும் என்கிறாள்.

"வந்து நாலு வரி சொல்லு போதும். சமாதானமா, இதமா, புதுசா நாலு வரி" என்றார் வர்ஃபா.

"என்கிட்ட வரி இல்ல சித்தப்பா."

"உன்கிட்டயா இல்ல?"

"கடையில பால் இருக்கு, இஞ்சி இருக்கு. வரி இல்ல."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வியாழக்கிழமை காலை வண்டி வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் சொன்னது வீம்புக்காக அல்ல. ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் அம்பரோ எழுந்து நின்றால் பெண்கள் கைத்தட்டு தானாக நிற்கும். மணப்பெண்ணின் தாய்க்கு ஒரு பாட்டு, மாப்பிள்ளையின் சகோதரிகளுக்கு ஒரு குத்தல், நின்ற நிலையில் கட்டிவிடுவாள். தலைநகர் ஹர்கெய்சாவின் வானொலியிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து பதிந்துகொண்டு போனார்கள். பாட்டு கட்டுவதற்கு ஒரே ஒரு சட்டம்தான். எடுத்த எழுத்தைக் கடைசிவரை விடக்கூடாது. ஒவ்வொரு வரியிலும் அந்த மோனை வந்தாக வேண்டும், தவறினால் ஆடு மேய்க்கிற சிறுமிகூடச் சிரிப்பாள். அம்பரோ ஒருநாளும் தவறியதில்லை. சொற்கள் அவளைத் தேடி வந்து வரிசையில் நிற்கும்.

ஒன்பது வருடங்களுக்கு முன்பு எல்அஸ் கிணற்றில் யார் மந்தை முதலில் குடிப்பது என்று இன்னொரு வம்சத்தோடு நடந்த சண்டையில் அவளுடைய தம்பி லீபான் சுடப்பட்டு விழுந்தான். புழுதிக்குள் நடந்த சண்டை. யாருடைய குண்டு என்று யாருக்கும் தெரியாது. அடக்கம் செய்த ஏழாம் நாள் துக்கக் கூடாரத்துக்கு வெளியே ஆண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். பொறுப்போம் என்றார் ஒருவர். மழை முடியட்டும் என்றார் இன்னொருவர். உள்ளே பெண்களுக்கு நடுவில் இருந்த அம்பரோ எழுந்து, வெளியே கேட்கும்படி நாலு வரி சொன்னாள்.

சாய்ந்து கிடக்கிறான் என் தம்பி, சரளைக்கல் தலையணையாக;
சட்டைக் கறை காய்ந்துவிட்டது, சத்தமில்லை எம் ஆண்களிடம்;
சால்வைகள் ஒன்பது வைத்திருக்கிறேன், சபையில் போர்த்திக்கொள்ளுங்கள்;
சாவுக்குப் பதில் நான் கேட்கிறேன், சமையலை நீங்கள் பாருங்கள்.

அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை சொன்னாள். மாலைக்குள் அது கிணற்றுக்குப் போய்விட்டது. அதிலிருந்து மூன்றாம் நாள் சந்தையில் கேட்டது. பிறகு லாரிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். சபையில் பெரியவர்கள் என்ன பேசினாலும் யாராவது ஒருவன் பெண்களின் சால்வையைப் போர்த்தச் சொல்லும் மூன்றாவது வரியை முனகினான், பேசியவர் உட்கார்ந்துவிட்டார். பாட்டு சொன்ன எட்டாம் நாள் அவளுடைய ஒரே மகன் மஹத், இருபத்து மூன்று வயது, லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், கிணற்றடியில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சமதார் என்பவனைச் சுட்டுவிட்டு எல்லை தாண்டினான். சண்டை நடந்த அன்று சமதார் கிணற்றுப் பக்கமே வரவில்லை, தங்கைக்கு மருந்து வாங்கப் புராவ் வந்திருந்தான் என்பது பின்னால் தெரிந்தது.

அதன்பிறகு அம்பரோ பாட்டு கட்டவில்லை. விரதம் ஒன்றும் இல்லை. ஒரு எழுத்தை எடுத்தால் இரண்டாவது சொல் வருவதில்லை. மஹத் நைரோபியில் ஒரு கராஜில் வேலை பார்த்தான். வெள்ளிக்கிழமைகளில் போனில் பேசுவான். உடம்பு எப்படி, மழை உண்டா, ஆடு என்ன விலை. நாலு வருடம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மட்டும், காய்ச்சலில் கிடந்தபோது, வேறு மாதிரிப் பேசினான். "நீ அந்தப் பாட்டச் சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு வண்டி ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேம்மா." அடுத்த வாரம் அவன் மறுபடி ஆட்டு விலையைக் கேட்டான்.

வியாழக்கிழமை வண்டியில் முன்னால் வர்ஃபாவும் அவருடைய மருமகனும், பின்னால் அம்பரோவும் அரிசி மூட்டைகளும். வழியெல்லாம் அவள் முயன்று பார்த்தாள். மகன் திரும்பி வர வேண்டும். அதற்கு நாலு வரி. மகரத்தை எடுத்தாள். மழை, மந்தை, மன்னிப்பு. எந்த வானொலியிலும் எந்த அதிகாரியும் சொல்லக்கூடிய சொற்கள். சாவு வீட்டுக்கு வந்துவிட்டு எப்போது கிளம்பலாம் என்று பார்க்கிற உறவினர்கள் மாதிரி அவை உட்கார்ந்திருந்தன. பகரத்தை எடுத்தாள், வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது, அதையும் விட்டாள். வர்ஃபா திரும்பிப் பார்த்து ஏதாவது தேறியதா என்று கேட்டார். தலைவலிக்கிறது என்றாள்.

கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெரிய வேலமரம். ஆண்கள் இரண்டு பிரிவாக நிழலைப் பங்கிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வெயிலை ஒட்டி, கொஞ்சம் பின்னால். சரீடோவை யாரும் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை. அவள் மட்டும் ஆண்களின் வரிசைக்கு முன்னால், ஒரு தோல் விரிப்பில் உட்கார்ந்திருந்தாள். அம்பரோ நினைத்திருந்ததைவிடச் சிறிய உருவம். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. இவளும் தன்னைப் போலத்தான் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறாள் என்று அம்பரோ கவனித்தாள்.

வர்ஃபா எழுந்து, இரண்டு பக்கத்து முன்னோர்களையும் சொல்லி, எங்கள் மகள் ஒரு புதிய பாட்டோடு வந்திருக்கிறாள் என்றார். சரீடோ கையை உயர்த்தினாள்.

"புதுசு வேண்டாம். பழசச் சொல்லச் சொல்லுங்க."

சபை சலசலத்தது. அவள் பக்கத்துப் பெரியவரே அது முறையில்லை, ஆறுகிற புண்ணைக் கிளறக்கூடாது என்றார். வர்ஃபா இன்னும் ஏதோ சொன்னார். சரீடோ யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என் பிள்ளையக் கொன்னது அதுதானே. எல்லாரு வாயிலயும் கேட்டுட்டேன். அதப் பெத்தவ வாயில கேக்கல."

அம்பரோ எழுந்து நின்றாள். சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். இத்தனை வருடம் உள்ளே எங்கோ கிடந்த பாட்டு அழைத்ததும் வந்தது. முதல் வரியைச் சொன்னாள். இரண்டாம் வரியில் குரல் கம்மியது. மூன்றாம் வரியை எடுத்தவள் ஒன்பது என்ற சொல்லுக்குமேல் போக முடியாமல் நின்றாள். கிணற்றில் யாரோ வாளி இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

விட்ட இடத்திலிருந்து சரீடோ தொடர்ந்தாள். உட்கார்ந்தபடியே, ராகம் இல்லாமல், கடைச் சாமான் பட்டியல் சொல்வது போலச் சொன்னாள். ஒரு அசை பிசகவில்லை. மூன்றாம் வரியை முடித்தாள், நான்காம் வரியைச் சொன்னாள். பிறகு நிறுத்தாமல் ஐந்தாவதாக ஒரு வரி சொன்னாள்.

சக்கரத்தடியில் சருகாகட்டும், சந்தையில் சிரித்த சமதார்.

அம்பரோ நிமிர்ந்து பார்த்தாள். அந்த வரி அவளுடையது அல்ல. அவள் யார் பெயரையும் சொல்லவில்லை, சொல்ல அவளுக்குப் பெயர் எதுவும் தெரியாது. ஆனால் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தாள். வர்ஃபாவின் முகம், மருமகனின் முகம், அந்தப் பக்கத்து ஆட்கள். யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஒன்பது வருடமாகப் பாட்டு ஐந்து வரியாகத்தான் இருந்திருக்கிறது. அவள் முன்னால் அதைச் சொல்ல எல்லோரும் கூசியதால் அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வரச் சொன்னேன்" என்றாள் சரீடோ. "அவன் அன்னிக்கு இங்க இல்ல. அவன உனக்குத் தெரியவும் தெரியாது. இத்தன பேர் இருக்கிறப்ப அவன் பேர ஏன் வச்ச?"

என்னுடையது இல்லை என்று சொல்ல வாய் எடுத்தாள் அம்பரோ. அது உண்மை. பிறர் வரியைத் தன் பாட்டில் ஏற்றுவதை அவள் தன் வாழ்நாளில் பொறுத்ததில்லை. அதற்காகக் கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுந்து போயிருக்கிறாள். ஆனால் சொற்கள் வெளியே வருவதற்குள் ‘சந்தையில் சிரித்த’ என்பது உள்ளே போய் எதிலோ இடித்தது. தம்பி சாவதற்குப் பதினைந்து நாள் முன்பு மஹத் சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஆட்டுச் சந்தைச் சேற்றில் லாரி புதைந்து, கிளீனரை ஓட்டவிட்டு இறங்கித் தள்ளிய அவன்மேலேயே பின்சக்கரம் சுற்றிச் சுற்றிச் சேறு அடித்திருக்கிறது. எவனோ ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தானாம், மொத்தச் சந்தையும் சேர்ந்து சிரித்ததாம். பெயர் கேட்டபோது சொல்லவில்லை. லாரி ஓட்டுகிறவனுக்குத்தான் சக்கரம் முதலில் வரும். அவள் மகன். மோனை அவனுக்கும் தவறவில்லை.

என்னுடையது இல்லை என்றால், பிறகு யாருடையது என்று கேட்பார்கள். தாயின் பாட்டைக் கேட்டு ரத்தம் கொதித்த பையன் என்று சொல்லித்தான் வர்ஃபா இருபத்திரண்டு தடவை பேசியிருக்கிறார். முன்பகை வைத்துப் பாட்டில் பெயரைச் சேர்த்துவிட்டுப் போய்ச் சுட்டவன் என்று ஆகிவிட்டால் இந்த மரத்தடியில் ஒன்றும் மிஞ்சாது.

சரீடோ காத்திருந்தாள். பிறகு, உதவி செய்வது போல, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எழுத்துக்குப் பொருந்துச்சுன்னு வச்சியா?"

"ஆமாக்கா" என்றாள் அம்பரோ. "பொருந்துச்சு. வச்சுட்டேன்."

வர்ஃபா கண்களை மூடிக்கொண்டார். சரீடோவின் நல்ல கண் அம்பரோவின் முகத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. அதில் கோபம் இல்லை. வெகுதூரம் நடந்து வந்து, வந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று பார்க்கிறவளின் களைப்பு இருந்தது.

"அவங்கப்பா கூலேத்னு பேர் வைக்கச் சொன்னாரு" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "நான்தான் சமதார்னு வச்சேன்."

பிறகு முடித்துக்கொள்ளுங்கள் என்பது போலக் கையை அசைத்தாள். பெரியவர்கள் அவசரமாகக் குர்ஆனிலிருந்து ஃபாத்திஹா ஓதினார்கள். கைகள் குலுக்கப்பட்டன. அரிசியும் ஆட்டிறைச்சியும் வந்தன. அம்பரோ இருந்த இடத்திலேயே இருந்தாள். அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி, சமதாரின் தங்கையாக இருக்கலாம், ஒட்டகப் பால் ஒரு கிண்ணம் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனாள். அம்பரோ அதைக் குடித்தாள். குடிக்காமல் இருக்க அவளுக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. வண்டிக் கதவைத் திறந்துவிட்ட வர்ஃபா, அவள் உட்காரும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரிய சாலை வந்ததும் போன் அடித்தது. வர்ஃபா தலை ஒரு பக்கம் சாயத் தூங்கிப்போயிருந்தார். வெள்ளிக்கிழமை வரை மஹத்தால் பொறுக்க முடியவில்லை போலிருந்தது. முடிந்ததா என்று கேட்டான். முடிந்தது என்றாள். வரலாமா என்றான். வரலாம் என்றாள். அந்தப் பக்கம் அவன் மூச்சை வெளியே விடுவது கேட்டது. பெருநாளுக்கு முன்பே வந்துவிடுகிறேன், கடைக்குக் கூரை மாற்ற வேண்டும் என்று சொன்னாயே, தகரம் நானே பார்த்து வாங்குகிறேன் என்று வேகமாகப் பேசிக்கொண்டே போனான். இத்தனை வருடத்தில் அவன் இவ்வளவு பேசியதில்லை. அவள் அவன் நிறுத்தும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மஹத்."

"சொல்லும்மா."

"சந்தையில சிரிச்சது யாரு?"

முன்னால் சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒட்டக மந்தைக்காக மருமகன் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். ஒவ்வொன்றாகக் கடந்தன, எந்த அவசரமும் இல்லாமல், ஒன்று நடுச்சாலையில் நின்று கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டு நகர்ந்தது. அம்பரோ காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். தொடர்பு அறுந்திருக்கவில்லை. திரையில் விநாடிகள் ஏறிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம், கராஜில் எங்கோ ஒரு சுத்தியல் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தது.